கடைக் கணக்கு: முதல் டம்ளரில் முந்தின நாள் டிகாக்‌ஷன்

வடபழனியில் காபிக் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்ட கேள்வி ஒரே வரிதான். “சிக்கரியைக் கூட்டிடலாமா சார், இல்ல கடையையே மூடிடலாமா?”

முருகன் கோயிலுக்கும் ஆற்காடு சாலைக்கும் நடுவில் ஒரு தெருவில் இருக்கிறது கடை. பத்துக்குப் பத்து இடம், 9 வருடமாக நடக்கிறது. கல்லாவில் மனைவி. பாய்லர் பக்கம் ஒரு மாஸ்டர். டம்ளர் எடுப்பது, பலகாரம், பார்சல் எல்லாம் இவர். ஒரு காலத்தில் நாளுக்கு 250 காபி போன கடையில் இப்போது 160. டீ 90. காலை 5 மணிக்குத் திறந்து இரவு 9.30 வரை நின்றும், எல்லாச் செலவும் போக நாளுக்கு 100 ரூபாய்கூட நிற்கவில்லை. தையில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. 18,000 ரூபாயை ஏற்றித் தரும்படி கட்டட உரிமையாளர் கேட்கிறார். மகள் பிளஸ் டூ. அடுத்த ஆண்டு கல்லூரி.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலைக்காக ஆற்காடு சாலையில் தடுப்பு வைத்ததிலிருந்து நடந்து வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எதிரே ஒரு பிராண்ட் கடை வந்துவிட்டது. காபித்தூள் விலை எங்கேயோ போய்விட்டது.

மூன்றும் பொய் இல்லை. தூள் விலைக்கு உலகமே சாட்சி. பிரேசிலில் வறட்சி வந்து, 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை பார்க்காத விலை. சிக்மகளூரிலும் குடகிலும் விளைகிற காபியும் அந்த விலையைப் பார்த்துத்தான் நகரும். இவர் வாங்குகிற 80-20 தூள் இப்போது கிலோ 760 ரூபாய்.

ஆனால், இந்த மூன்றில் ஒன்றைக்கூட அவரால் மாற்ற முடியாது. அதனால்தான் கை சிக்கரிப் பக்கம் போகிறது. சரி, அதையே முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

80-20 தூளை விட்டு 60-40க்கு மாறினால் கிலோவுக்கு சுமார் 100 ரூபாய் மிச்சம். அவருக்கு நாளுக்கு ஒன்றரை கிலோ தூள் செலவாகிறது. ஆக நாளுக்கு 150, மாதம் 4,500 ரூபாய். ஒரு டம்ளருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. சட்டப்படி தப்பும் இல்லை. காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் விகிதமும் பாக்கெட்டில் அச்சாகியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. சிக்கரி ஒன்றும் விஷமும் இல்லை. நம்மில் பலருக்கு அந்தக் கெட்டியும் நிறமும் இல்லாவிட்டால் காபி குடித்தது போலவே இருக்காது. ஆனால் 9 வருடம் ஒரு ருசியைக் கொடுத்துவிட்டு, ஒருநாள் காலையில் சொல்லாமல் மாற்றினால் நாக்கு கண்டுபிடித்துவிடும். வாடிக்கையாளர் சண்டைக்கு வர மாட்டார். வராமலே போய்விடுவார்.

“ரெண்டு நாள் பொறுங்கண்ணே, பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

இந்த மாதிரிக் கடைகளுக்குப் போனால் நான் முதலில் கல்லாவைப் பார்ப்பதில்லை. டம்ளர் கழுவுகிற தொட்டியைப் பார்ப்பேன். கல்லா எவ்வளவு விற்றது என்று சொல்லும். எவ்வளவு பிடித்தது என்பதைத் தொட்டிதான் சொல்லும்.

காலை 5லிருந்து 7 வரை 58 காபி போனது. நாள் முழுக்க விற்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பூக்காரம்மாக்கள், பேப்பர் போடுகிற பையன்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், நடை திறக்கும் முன்பே கோயிலுக்கு வருகிறவர்கள், ஷூட்டிங் வேனுக்காகக் காத்திருக்கும் லைட்மேன்கள். வடபழனியின் காலைக் கூட்டம் இதுதான். அந்த 58 டம்ளரில் 14 டம்ளர், கால் பங்கு காபி மிச்சத்தோடு தொட்டிக்கு வந்தது. எட்டு மணிக்கு மேல் 40 டம்ளரை எண்ணினேன். மிச்சம் இருந்தது இரண்டில்.

அதே தூள், அதே பால், அதே கடை. ஆறு மணிக்குப் பிடிக்காத காபி எட்டரைக்கு எப்படிப் பிடிக்கிறது?

முதலாளியிடம் கேட்டேன். “காலையில எல்லாரும் அவசரத்துல இருப்பாங்க சார், பாதியில வெச்சுட்டுப் போயிடுவாங்க” என்றார். நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும், சும்மா மாஸ்டரையும் கேட்டு வைத்தேன். பாலை ஆற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அது ராத்திரி டிகாக்‌ஷன் சார்.”

விஷயம் இதுதான். மாஸ்டர் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். ஆற்காடு சாலையில் வேலை நடப்பதால் எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் வந்து சேர 5.45 ஆகிவிடுகிறது. கடை திறப்பதோ 5 மணிக்கு. அதனால் இரவு கடை அடைக்கும் முன் ஒரு பெரிய டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார். காலையில் முதலாளி அதைப் பாய்லர் மேல் வைத்துச் சூடாக்கி ஓட்டுகிறார். மாஸ்டர் வந்து புதிதாக இறக்கினாலும், பழையது தீரும் வரை அதுதான் போகும். தீர ஏழு மணி ஆகும்.

வீட்டில் நாங்களும் ராத்திரியே டிகாக்‌ஷன் போட்டு வைப்போமே என்று சிலர் கேட்பீர்கள். வீட்டில் அது மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் இருக்கும். நேராகக் கொதிக்கிற பாலில் சேரும். இங்கே ராத்திரி முழுக்க வெளியில் இருந்து, காலையில் பாய்லர் மேல் இரண்டு மணி நேரம் வேகிறது. மணம் முதல் பத்து நிமிடத்திலேயே ஆவியாகிவிடும். மிஞ்சுவது கசப்பும் ஒரு புளிப்பும்.

ஆக, நாளின் மூன்றில் ஒரு பங்கு விற்பனை, கடையின் மிக மோசமான காபியைக் குடித்துக்கொண்டிருந்தது. மழையானாலும் பனியானாலும் தினம் தவறாமல் வருகிறவர்கள் அவர்கள்தான். எதிரே புதுக் கடை வந்ததும் ஏன் அங்கே போனார்கள் என்பது இப்போது புரிகிறது. தெருவைக் கடக்க அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது.

“இதை ஏன் நீங்க முன்னாடியே சொல்லலை?” என்று மாஸ்டரைக் கேட்டேன். “யாரும் கேக்கலையே சார்.”

இதற்குத் தீர்வு பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு சின்ன ஃபில்டர். முதலாளி 4.30க்கு முதலாவதில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் 5 மணிக்கு இறங்கியிருக்கும். ஐந்தேகாலுக்கு இரண்டாவது. ஒன்றைப் போட்டுக்கொண்டே ஒன்றைத் தீர்ப்பது. எந்த டிகாக்‌ஷனும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. முதல் இரண்டு நாள் முதலாளி வென்னீரை அவசரத்தில் கடகடவென்று ஊற்றி, கலர் தண்ணீராக இறக்கினார். மூன்றாம் நாள் மாஸ்டர் முந்தின இரவே தூளை அளந்து, அமுக்கி, மூடி வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு தொந்தரவு இல்லை.

அடுத்தது பால். இதில்தான் பணம் ஆவியாகிக்கொண்டிருந்தது. நிஜமாகவே.

நாளுக்கு 26 லிட்டர் வாங்குகிறார். ஆரஞ்சு பாக்கெட், லிட்டர் 60 ரூபாய். ஒரு காபிக்கு 90 மில்லி என்றால் 160 காபிக்கு 14.4 லிட்டர். டீக்கு 70 மில்லி வீதம் 90 டீக்கு 6.3. வீட்டுக்கும் இவர்கள் மூவர் குடிப்பதற்கும் 1.3. கூட்டினால் 22 லிட்டர். மீதி 4 லிட்டர் எங்கே? யாரும் திருடவில்லை. கொஞ்சம் கையளவில் போகிறது, கொஞ்சம் ராத்திரி மிச்சமாகிறது. பெரும்பகுதி அடுப்பில் போகிறது.

காலையில் மொத்தப் பாலையும் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, விடாமல் கொதிக்கவிடுவது பல கடைகளில் பழக்கம். ஒரு சோதனை செய்தோம். 3 லிட்டர் பாலை அளந்து, திறந்த பாத்திரத்தில் சிறு தீயில் ஒரு மணி நேரம் வைத்தோம். திரும்ப அளந்தபோது 2.6 லிட்டர். “கெட்டியாகுதே சார், நல்லதுதானே” என்றார் முதலாளி. கொஞ்சம் கெட்டியானால் நல்லதுதான். ஆனால் மூன்று மணி நேரம் காய்ந்த பாலில் திரட்டுப்பால் வாசனை வந்துவிடும். 760 ரூபாய்த் தூளின் மணம் அதற்கு அடியில் காணாமல் போகும். கேஸும் வீண்.

4 லிட்டர் என்றால் நாளுக்கு 240 ரூபாய். மாதம் 7,200. சிக்கரியைக் கூட்டி அவர் மிச்சம் பிடிக்க நினைத்தது 4,500. இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் மனைவி அந்தத் தாளை வாங்கிக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது 4 லிட்டர் பிடிக்கிற சின்னப் பாத்திரத்தில், மூடியோடு, தீரத் தீரக் காய்ச்சுகிறார்கள். ஊற்ற 90 மில்லிக்கு ஒரு கரண்டி. இந்தக் கரண்டியில்தான் ஒரு மனஸ்தாபம் வந்தது. “இத்தனை வருஷமா கையளவுலதானே போட்டேன், இப்ப என்ன என்மேல சந்தேகமா?” என்று மாஸ்டர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அவர் கோபம் நியாயமானது. கடையில் அளவு கொண்டுவருகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். அளவுக் கரண்டி மாஸ்டரைக் காவல் காக்க வந்தது போல ஆகிவிடும். முதலாளியும் அதே கரண்டியில்தான் காலை ஐந்து மணிக் காபியைப் போடுகிறார் என்று தெரிந்த பிறகுதான் மாஸ்டர் சமாதானமானார். ராத்திரி டிகாக்‌ஷன் விஷயத்தைச் சொன்னது நீங்கள்தான், கடை பிழைத்தால் அது உங்களால்தான் என்று அக்காவும் ஒரு வார்த்தை சொன்னார்.

பெரிய கம்பெனிகளும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கின்றன. 2008 பிப்ரவரி 26 அன்று ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் சுமார் 7,100 கடைகளை மாலையில் மூன்றரை மணி நேரம் மூடியது. காபி போடுகிறவர்களுக்கு மறுபடியும் காபி போடக் கற்றுத்தரத்தான். அதே சமயத்தில் சூடான காலை நேர சாண்ட்விச்சையும் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அந்த வாசனை காபி வாசனையை அமுக்குகிறதாம். பிறகு வாசனை வராத பக்குவம் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் வடபழனிக் கடையில் வாசலில் நிற்பது பஜ்ஜிச் சட்டி. தெருவில் போகிறவர் மூக்கில் முதலில் ஏறுவது எண்ணெய். மாலையில் அது ஆளை இழுக்கும். காலை ஆறரைக்கு வடைக்காக அதையே காயவைத்தால், பக்கத்துக் கோயிலுக்குக் குளித்துவிட்டு வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். சட்டியை உள்பக்கம் தள்ளி, தூள் டப்பாவையும் ஃபில்டரையும் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். “பார்க்கலாம் சார்” என்றார். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

தினசரி காலண்டர் சுவரில் ஒரு நிதி நிறுவனத்தின் விளம்பரத்தோடு தொங்குகிறது. அதை யாரும் பால் கணக்குக்குப் பார்த்ததே இல்லை. எல்லா நாளும் 26 லிட்டர்தான். வடபழனி கோயிலில் முகூர்த்த நாள் என்றால் கல்யாணக் கூட்டம். செவ்வாய், கிருத்திகை, சஷ்டி என்றால் பக்தர் கூட்டம். அந்த நாட்களில் பத்து மணிக்கே பால் தீர்ந்து, பக்கத்துக் கடையில் கைமாற்று. ஆடியில் கல்யாணம் கிடையாது. அப்போதும் அதே 26 வந்து, மிச்சமானது தயிராகிறது. இப்போது அக்கா மாதத் தொடக்கத்திலேயே காலண்டரில் சிவப்புப் பேனாவால் லிட்டரை எழுதிவிடுகிறார். சாதாரண நாளுக்கு 23, முகூர்த்தத்துக்கு 30. மார்கழி வருகிறது. அதிகாலைப் பூஜைக்குக் கூட்டம் முன்னதாகவே வரும். அந்த ஒரு மாதம் 4 மணிக்கே திறக்க உத்தேசம்.

பாக்கி நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊர் சினிமா ஊர். பிளாஸ்க்கில் 30 காபி, 40 டீ என்று ஷூட்டிங்குக்கு வாங்கிப் போவார்கள். “கணக்குல எழுதுங்கண்ணே” என்பார்கள். படம் முடிந்ததும் ஆள் மாறிவிடும். நோட்டில் நின்றது 23,400 ரூபாய். ஒரு மாத வாடகைக்கும் மேலே. பழைய பிளாஸ்க் காசு வந்தால்தான் புதிய பிளாஸ்க் நிரம்பும் என்று ஒரு விதி போட்டோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போனதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பார்சலுக்குப் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் வேண்டாம் என்றேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அது தடைப் பட்டியலில் இருக்கிறது. அபராதம் வந்தால் ஒரு வாரக் காபி போய்விடும்.

மதியம் 12 முதல் 3.30 வரை விற்றது 9 காபி. அதற்காக மூன்று பேர் நின்று, அடுப்பும் எரிகிறது. கடையைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள் என்றேன். முதலாளிக்கு மனசு வரவில்லை. “திறந்திருக்கிற கடைக்குத்தான் சார் லட்சுமி வருவா.” அக்கா உடனே சரி என்றார். 9 வருடமாகப் பகலில் படுத்ததில்லையாம். மாஸ்டருக்கு மட்டும் வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் இல்லை. கடைக்குள்ளேயே ஃபேனைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார்.

ஐந்து வாரம் ஆயிற்று. காபி 160லிருந்து 175. பழைய 250 எங்கே, இது எங்கே என்று நினைக்கலாம். மெட்ரோ தடுப்பு அப்படியேதான் இருக்கிறது. எதிர்க் கடையும் இருக்கிறது. ஆனால் காலைத் தொட்டியில் மிச்சத்தோடு வரும் டம்ளர் இப்போது இரண்டு மூன்றுதான். நாளுக்கு 100 ரூபாய்கூட நிற்காத இடத்தில் 400ஐ ஒட்டி நிற்கிறது.

400 ரூபாய் என்பது இரண்டு பேரின் ஒரு நாள் உழைப்பு. மாஸ்டருக்கு இவர்கள் கொடுக்கும் சம்பளம் 800. இதை அவர்களிடம் நேராகவே சொன்னேன். விரயத்தை அடைத்ததில் கடை மூச்சுவிடுகிறது. குடும்பம் மூச்சுவிட விலையைத் தொட்டாக வேண்டும்.

இப்போது ஒரு டம்ளர் காபி 20 ரூபாய். அதில் தூள் 7 ரூபாய் சொச்சம், பால் 5.40, சர்க்கரை 40 பைசா. ஏறக்குறைய 13 ரூபாய் டம்ளருக்குள்ளேயே போய்விடுகிறது. மீதி 7 ரூபாயில்தான் கேஸ், வாடகை, சம்பளம், மகள் படிப்பு எல்லாம். இதோடு இன்னொன்றும் வருகிறது. விற்பனை கூடியதால் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டப்போகிறார்கள். உணவு பரிமாறும் கடை அந்தக் கோட்டைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு செய்தாக வேண்டும். சிறு கடைகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் மொத்த விற்பனையில் 5 சதவிகிதம். அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கவும் முடியாது. நாளுக்கு 285 ரூபாய் அளவுக்கு வரும். மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

“க்யூஆர் அட்டையை எடுத்துட்டா?” என்று மெதுவாகக் கேட்டார். 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவை வைத்து கர்நாடக வணிகவரித் துறை பெங்களூருவின் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பல கடைகள் அப்போது அட்டையைக் கழற்றின. வந்த வரவு வந்ததுதான், அட்டையைக் கழற்றினால் பழைய கணக்கு அழியாது. இன்றைக்குச் சில்லறையோடு வருகிறவர்களும் குறைவு. பதிவு செய்துவிட்டு, அந்தச் செலவை விலையில் சேர்ப்பதுதான் வழி.

22 ரூபாய் ஆக்கச் சொல்லியிருக்கிறேன். 175 காபிக்கு நாளுக்கு 350 கூடும். வரிக்குப் போய்க் கொஞ்சம் மிஞ்சும். இதையே ஐந்து வாரத்துக்கு முன்னால் செய்திருந்தால், ராத்திரி டிகாக்‌ஷனுக்கு 2 ரூபாய் கூடுதலாகக் கேட்டதாக ஆகியிருக்கும். காலைக் கூட்டம் இன்னும் குறைந்திருக்கும். இப்போது கேட்கலாம். தை முதல் தேதி போர்டு மாற்றுகிறார்கள்.

வாடகை ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஏற்றத்தைப் பாதியாகக் குறைக்கக் கேட்டிருக்கிறார்கள். மூன்று மாதக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு அக்காதான் பேசப் போகிறாராம். சிக்கரி அதே 20தான். பஜ்ஜிச் சட்டி மட்டும் இன்னும் வாசலிலேயே இருக்கிறது.